நீர்ப்பறவை வேட்டையும் கொல்லாமையும்

உயிர்க்கொலை ஆகாதென்பது சைவப் பாடசாலைகளிலே சிறு வகுப்பு முதலாகக் கற்பிக்கப்பட்டு வரும் பாடமாம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் (1822–1879) சிறுவர்பொருட்டு வசனநடையிலே பாலபாடங்களை இயற்றியபொழுது, கொலையையும் புலாலுண்ணலையும் விலக்குதலை அவற்றுட் பாடப்பொருளாக அமைத்தருளினார்கள். அன்று தொட்டு மாணாக்கர் அப்பாடத்தை ஓதியும் ஒப்புவித்தும் வருகின்றனர். ஒப்புவித்தல் எளிது. ஒப்புவித்த மாணாக்கன் எழுந்து நின்று ஐயம் வினாவும்பொழுது அவனுக்கு ஏற்ற விடை கூறுதலே அரிது. அத்தகைய அரிய வினாவொன்றை எடுத்து ஆராய்தல் சைவாசிரியர்களுக்குப் பயன்படுமென்று கருதி இதனை எழுதலுற்றோம்.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பயிலும் நம் பிள்ளைகளுட் பலர் வன்னியிலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும் உறவினரை உடையர். விடுமுறை வந்ததும் அவ்விடங்களுக்குச் செல்வர். அங்ஙனஞ் சென்ற சிறுவனொருவன், தன் மாமன் இடியன் துவக்கைத் தோளிலிட்டுக் குளக்கட்டுக்குச் சென்று, நீரிலே மேய்ந்த பறவைகளைச் சுட்டுக்கொண்டு வந்ததைக் கண்டு திரும்பினானாக வைத்துக்கொள்வோம். அவன் வகுப்பிலே எழுந்து, “ஐயா, என் மாமன் பாவியோ? கண்ணப்ப நாயனாரும் வேட்டையாடினவர் தாமே? எங்கள் வீதிக் கடையிலே நாள்தோறும் கோழியிறைச்சி வாங்குவோர் மாத்திரம் புண்ணியரோ?” என்று வினாவுவானாயின், ஆசிரியர் யாது கூறுவார்? “வாயை மூடிக்கொண்டு இரு” என்பாராயின், அச்சிறுவன் வாயை மூடுவான். அதனோடு பாடத்தையும் மூடிவிடுவான். ஆதலின் அவ்வினாவின் ஒவ்வோர் உறுப்பையும் பொறுமையோடு நோக்குவோம்.

முதலிலே வேட்டையின் கருவி இன்னதென அறிதல் வேண்டும். கருவியின் இயல்பை அறியாது அதனால் நிகழும் வினையின் இயல்பை அறிதல் கூடாது. இடியன் துவக்கென்பது குழலின் வாய்வழியே மருந்தை இட்டு இடித்து நிரப்பப்படுவது. அதன் மருந்து வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கருநிறத் தூள். நூறு பங்கிலே வெடியுப்பு ஏறக்குறைய 75, கரி 15, கந்தகம் 10 ஆகும். வேட்டைக்காரன் அளவறிந்து தூளைக் குழலினுள்ளே சொரிந்து, அதன்மேலே தும்பையோ கந்தலையோ அடைத்து, நீண்ட கம்பியினால் இடித்திறுக்கி, பின்பு ஈயச் சன்னங்களை இட்டு, அவை உருண்டு வெளிப்படாவண்ணம் மீட்டும் அடைப்பான். குழலின் அடிப்பக்கத்து முளையிலே சிறிய கேப்பொன்றைப் பொருத்துவான். விசையை இழுத்தவுடனே சுத்தி கேப்பிலே விழும், பொறி உட்புகும், மருந்து வெடிக்கும், வெண்புகை எழுந்து கண்ணை மறைக்கும். மறுபடி சுடவேண்டுமாயின் அத்தனையையும் முதலிலிருந்து செய்தல் வேண்டும்.

இதிலே நாம் கருத்திற் கொள்ளற்பாலன இரண்டு. ஒன்று, அச்சன்னங்கள் ஒரே குறியிற் செல்லாது, குழலைவிட்டு நீங்கியவுடன் விசிறிபோற் பரந்து செல்லும் என்பது. மற்றொன்று, சுட்டவன் தன் வெடியினால் நிகழ்ந்ததை உடனே திருத்த வல்லனல்லன் என்பது. கூட்டமாக மேயும் பறவைகளை நோக்கிச் சுட்டால், சில அவ்விடத்திலே இறக்கும். சில சிறகிலோ வயிற்றிலோ ஓரிரு சன்னங்களைத் தாங்கிக்கொண்டு பறந்து போய், நாணலினிடையே நாட்கணக்கிற் கிடந்து சாகும். முன்னவற்றை வேட்டைக்காரன் எண்ணிக் கையிலெடுப்பான். பின்னவற்றை அவன் காணான், ஆதலால் எண்ணான்.

இனி, சுடப்படும் உயிர்கள் எவையென நோக்குவோம். நம் குளங்களிலும் களப்புகளிலும் ஐப்பசி முதலாகப் பங்குனி வரையும் காணப்படும் நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் உள்ளானும் பெரும்பாலும் இந்நாட்டிலே பிறந்தவையல்ல. சைபீரியாவிலும் மத்திய ஆசியாவிலும் உறைபனி வந்தடைதற்கு முன்னே புறப்பட்டு, ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து, பாரததேசத்தின் வழியாக ஈழத்தை அடைகின்றன. தென்றிசையிலே இதற்கப்பால் அவற்றிற்கு நிலமில்லை. பரந்த கடலே உண்டு. நீலச்சிறகியின் எடை ஏறக்குறைய ஓர் இறாத்தல். அதனைச் சுட்டவனுக்குக் கிடைக்கும் ஊன் சில கவளங்களே. அத்தனை தூரம் பறந்து நம் நாட்டை நம்பி வந்திறங்கிய உயிரை விருந்தென்பதோ, இரையென்பதோ? மதுரையிலே குளிரால் வருந்திக் கிடந்த சத்திமுத்தப் புலவர், வடக்கே செல்லும் நாரையொன்றைத் தம் மனைவியினிடத்துத் தூதுபோக்கினாரென்பதை நம் மாணாக்கர் படித்திருக்கின்றனர். தூது செல்லும் உயிரைக் கொல்லுதல் அரசநீதியிலும் இல்லாததொன்று.

இவ்வளவும் இரக்கத்தை எழுப்பக் கூடும். ஆயினும், இரக்கம் ஒன்றே விடையாகாது. மறுப்பவர் கூறுவனவற்றையும் கேட்டல் வேண்டும்.

ஒருசாரார், “பறவை இறப்பது அதன் வினைப்பயன், வேடன் அதற்கு ஒரு நிமித்தம், ஆதலால் அவனுக்குக் குற்றமில்லை” என்பர். இது சைவசித்தாந்தத்தை அரைகுறையாகக் கேட்டவர் கூற்று. அங்ஙனமாயின், பொருளை இழந்தவன் தன் வினையால் இழந்தான். கள்வன் நிமித்தமாத்திரமே என்று கூறிக் கள்வனையும் விடுதல் வேண்டும். அதனை அவர் உடன்படார். இழப்பு ஒருவனுடைய வினைப்பயனேயாயினும், இழப்பித்தவன் தன் விருப்பத்தாற் செய்த செயல் அவனுக்குப் புதுவினையாகும். மேலும், தனு கரண புவன போகங்கள் உயிர்கள் பக்குவமடையும்பொருட்டு இறைவனால் அருளப்பட்டனவென்பது நம் சமயத்தின் துணிபு. பறவையின் உடம்பும் அவ்வுயிர்க்கு அங்ஙனம் அளிக்கப்பட்ட கருவியே. ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த பொருளை இடையே புகுந்து பறிப்பவன் இருவருக்கும் பிழைசெய்தவனாகின்றான்.

வேறொரு சாரார், “கண்ணப்பர் வேடர், அருச்சுனன்முன்னே சிவபெருமானே வேடனாக எழுந்தருளினார், ஆதலால் வேட்டை சைவத்துக்கு மாறன்று” என்பர். சிறுவனுடைய இரண்டாம் வினாவும் இதுவே. இதற்கு விடை கூறப்புகும் ஆசிரியர் சேக்கிழார் சுவாமிகளுடைய பெரியபுராணத்தை நன்கு நோக்குதல் வேண்டும். உடுப்பூரிலே நாகனென்னும் வேடர்தலைவனுக்குப் பிறந்த திண்ணனாருக்கு வேட்டை பொழுதுபோக்கன்று, குலத்தொழில். அக்குலத்தவர் மலைச்சாரலிலே அதனால் வாழ்ந்தனர். அன்றியும், அவருடைய கன்னிவேட்டையை வருணிக்குமிடத்திலே சேக்கிழார் ஒரு செய்தியை வைத்துள்ளார். அவ்வேடர் யானைக்கன்றுகளைத் தொடர்ந்திலர். சிறு குட்டிகளைக் கொன்றிலர். கருவுற்றுத் தளர்நடை நடக்கும் பிணைகளை வருத்திலர். எதிர்த்துவந்த கொடிய விலங்குகளையே கொன்றனர். கொலைத்தொழிலையே தொழிலாக உடையாரிடத்தும் இன்னது கொல்லத்தகும், இன்னது தகாது என்னும் வரம்பிருந்தமையை இது காட்டுகின்றது.

அவ்வரம்பை இடியன் துவக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க. வில்லேந்தியவன் ஓர் உயிரைத் தேர்ந்தே அம்பு விடுகின்றான். கூட்டத்தினிடையே சன்னத்தைப் பரப்புபவனோ தேர்வதில்லை. இளையது முதியது, சினையுடையது சினையற்றது, உண்ணத்தக்கது தகாதது என்னும் வேறுபாடு அப்புகையினுள்ளே மறைந்துபோகின்றது. ஆகவே, கண்ணப்பரைச் சான்றாகக் காட்டி நீர்ப்பறவை வேட்டையை நாட்ட முயல்பவர், கண்ணப்பருடைய கூட்டத்தார் காத்த வரம்பையும் காவாதவராகின்றனர்.

அதனினும் பெரியது மற்றொன்று. திண்ணனார் நாயனாராயினமை வேட்டையினாலன்று. காளத்தியப்பரைக் கண்ட கணத்திலே அவர் வேட்டையையும் தந்தையையும் தம் பசியையும் மறந்தார். அதன்பின் அவர் கொணர்ந்த ஊன் தமக்கென்று கொணர்ந்ததன்று. தாம் அறிந்த உணவினுட் சிறந்ததைத் தம் அன்பர்க்கு ஊட்டும் தாயின் செயல் அது. ஆறாம் நாள் இறைவனுடைய திருக்கண்ணிலே குருதி பெருகக் கண்டபொழுது, அவர் வேறோர் உயிரின் கண்ணைத் தேடிச் சென்றாரல்லர். தம் கண்ணையே இடந்து அப்பினார். எடுத்துப் பழகிய கை கொடுத்த கையாயிற்று. இதுவே அப்புராணத்தின் பொருள். எடுத்த காலத்தை மாத்திரம் பற்றிக்கொண்டு, கொடுத்த காலத்தை விட்டுவிடுதல் நேர்மையாகாது. நாகப்பட்டினத்துப் பரதவராகிய அதிபத்த நாயனாரும் வலையிலே அகப்பட்ட முதன்மீனைச் சிவபெருமானுக்கென்று நாள்தோறும் கடலிலே விட்டவரன்றோ? ஒரு மீனே அகப்பட்ட நாளிலும் அதனையே விட்டார். தொழில் அவரை உயர்த்தவில்லை. தொழிலினிடையே அவர் விட்டுக்கொடுத்ததே உயர்த்தியது.

பின்னும் ஒருசாரார், “பழைய துவக்கு நேர்மையுள்ளது. ஒரு வெடிக்குப் பின் மறுவெடிக்கு நேரஞ்செல்லும். பறவைக்குத் தப்பிச்செல்ல வாய்ப்புண்டு. அதனால் அது வீரர் விளையாட்டு” என்பர். மேனாடுகளிலே இன்றும் இப்பழைய துவக்கை விரும்பிக் கைக்கொள்ளும் வேட்டைக்காரர் கூறுவதும் இதுவே. இவர் கூற்றிலே ஒருசிறிது உண்மையுண்டு. ஒரே மூச்சிலே பலமுறை சுடும் புதிய துவக்குகளினும் இது மெல்லியதே. ஆனால், கருவி மெதுவாயிருத்தலால் கையாளுபவன் அடக்கமுடையவனாவான் என்பது துணிபன்று. பெரிய படகுத் துவக்குகளை ஓடங்களிலே பிணைத்து, உறங்கும் வாத்துக்கூட்டத்தை அணுகி, ஒரே வெடியில் ஐம்பதுக்கு மேற்பட்ட பறவைகளை வீழ்த்திச் சந்தைக்கு அனுப்பிய வேட்டைக்காரர் அமெரிக்காவிலே இருந்தனர். அப்படகுத் துவக்குகளுட் பல வாய்வழியே மருந்திடப்பட்டவையே. அவ்வழிவைக் கண்டு அஞ்சியே அந்நாட்டார் 1918-ஆம் ஆண்டிலே வலசைப்பறவைகளைக் காக்கும் சட்டமியற்றினர்.

மேலும், விளையாட்டென்பது இருதிறத்தாரும் உடன்பட்டு ஆடுவது. பந்தாட்டத்திலே தோற்றவன் மறுநாளும் ஆடுவான். இங்கே ஒருதிறத்தார் உடன்படவில்லை. தோற்றால் மறுநாளும் இல்லை. “தப்ப வாய்ப்புக் கொடுத்தேன்” என்பது, வழிப்பறிகாரன் “ஓடுவதற்கு வழிவிட்டேன்” என்பதனோடு ஒக்கும்.

இதனோடு ஈயத்தின் தீங்கையும் சேர்த்து எண்ணுக. வாத்தினப் பறவைகள் இரையை அரைத்தற்பொருட்டுச் சிறு கற்களை விழுங்கும் இயல்புடையன. குளத்தின் அடியிலே வீழ்ந்து கிடக்கும் சன்னங்களைக் கல்லென்று கருதி விழுங்கிவிடும். இரைப்பையிலே அரைபட்ட ஈயம் நஞ்சாகிக் குருதியிற் கலக்கும். பறவை மெலிந்து சிறகு தொங்கி இறக்கும். ஆகவே, ஒருவனுடைய குறி தவறினாலும் அவ்வெடி கொலை செய்யாது விடுவதில்லை. ஆண்டுகள் சென்றபின்னும் செய்யும். இது கருதியே அமெரிக்க ஐக்கிய நாடுகள் நீர்ப்பறவை வேட்டையிலே ஈயச் சன்னத்தை 1991-ஆம் ஆண்டு முதல் விலக்கின. ஐரோப்பிய ஒன்றியம் சதுப்புநிலங்களிலே 2023-ஆம் ஆண்டு முதல் விலக்கிற்று. வேட்டையை வெறுக்காத நாடுகளே இதனைச் செய்தனவென்பது நோக்கத்தக்கது.

நம் நாட்டின் வரலாறும் இதிலே பாடம் புகட்டவல்லது. ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்திலே ஈழம் துரைமாருக்கு ஒரு வேட்டைக்காடாயிருந்தது. மேஜர் றொஜேர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்று புகழ்தேடி, 1845-ஆம் ஆண்டிலே அப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்தார். சாமுவேல் பேக்கர் என்பவர் ஈழத்திலே தாமாடிய வேட்டைகளை ஒரு நூலாகவே எழுதினார். இவர்கள் கையிலிருந்தனவும் வாய்வழியே மருந்திடுந் துவக்குகளே. வயல்களிலும் சதுப்புகளிலும் உள்ளான் சுடுதல் துரைமாருக்கு ஓய்வுநாட் களிப்பாயிருந்தது. அக்களிப்பைக் கண்டு பழகிய நம்மவருட் சிலர், அதனையும் நாகரிகத்தின் ஓரடையாளமென்று கருதிக் கைக்கொண்டனர். பிறர் மொழியையும் உடையையும் கைக்கொள்ளுமிடத்து ஆராய்ந்து கொள்ளுதல் வேண்டுமென்று நாம் வற்புறுத்துவதுண்டு. பிறர் களிப்பைக் கைக்கொள்ளுமிடத்து அவ்வாராய்ச்சி இன்னும் மிகுதியாக வேண்டற்பாலது.

இத்தீவிலே மாறான வழக்கும் பழமையாகவே உண்டு. மிகிந்தலையிலே மானை வேட்டையாடிச் சென்ற தேவநம்பிய தீசனை மகிந்த தேரர் தடுத்து அறமுரைத்தாரென்று மகாவம்சம் கூறும். நம் தமிழ்நாட்டிலோ வேடந்தாங்கல் என்னும் ஊரின் செய்தி எக்காலத்தும் நினைக்கத்தக்கது. செங்கற்பட்டுச் சீமையிலுள்ள அவ்வூர் ஏரியிலே ஆண்டுதோறும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலே வெள்ளைச் சிப்பாய்கள் துவக்கோடு சென்று அவற்றைச் சுட்டனர். ஊரார் துவக்கை எதிர்த்துத் துவக்கெடுத்தாரல்லர். கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் என்பவரிடஞ் சென்று முறையிட்டு, அப்பறவைகளைச் சுடலாகாதென்னும் கௌல் ஒன்றைப் பெற்றனர். 1858-ஆம் ஆண்டிலே அதனைப் புதுப்பித்துக்கொண்டனர். 1936-ஆம் ஆண்டிலே அவ்வேரி பறவைச் சரணாலயமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. 2022-ஆம் ஆண்டிலே உலகம் மதிக்கும் ராம்சார் ஈரநிலங்களுள் ஒன்றாயிற்று.

அவ்வூரார் பெரும்புலவரல்லர், உழவர். பறவைகளின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாதலை அவர் அறிந்திருந்தனர். அன்பினாற் காத்தனரோ, பயன்கருதிக் காத்தனரோ என்று சிலர் வினாவுவர். பயன்கருதித் தொடங்கிய காவல் தலைமுறை தலைமுறையாகச் செல்லுமாயின் அன்பாகவே முதிரும் என்பது நம் கருத்து. கன்றை ஈந்த பசுவைப் பாலுக்காகக் காப்பவனும் நாளடைவிலே அதன் பெயரைச் சொல்லி அழைக்கின்றானன்றோ?

உழவரென்றதும் மெய்யான இடர்ப்பாடொன்று முன்வந்து நிற்கின்றது. அதனை மறைத்துவிட்டு அறம்பேசுதல் தகாது. வன்னியிலே வயல் செய்பவனுக்குக் காட்டுப்பன்றியும் குரங்கும் மயிலும் முள்ளம்பன்றியும் பெரும் பகை. ஒரே இரவிலே ஒரு போகத்தின் உழைப்பு அழிந்துபோகும். பயிரழிக்கும் விலங்குகளைத் தொகைகாணவென்று 2025-ஆம் ஆண்டு பங்குனி மாதம் 15-ஆந் திகதி காலையிலே அரசினர் நாடெங்கும் ஐந்து நிமிடக் கணக்கெடுப்பொன்றை நடத்தினரெனின், அத்துன்பத்தின் அளவு விளங்கும். அவ்வுழவன் கையிலுள்ள துவக்கையும், களிப்பின்பொருட்டுக் குளக்கட்டிலே பதுங்கியிருப்பவன் கையிலுள்ள துவக்கையும் ஒன்றெனக் கூறுதல் அநியாயம். கருவி ஒன்றாயினும் கருத்து வேறு. தன் பிள்ளைகளின் சோற்றைக் காப்பவன் மனவருத்தத்தோடு செய்யும் கொலையும் கொலையே. ஆயினும், அதன் பாரம் முழுவதும் அவன் தலையில் மாத்திரம் ஏறுவதன்று. அவன் விளைவித்த அரிசியைக் கொழும்பிலிருந்து உண்ணும் நாமும் அதிற் பங்காளரே.

ஆனால், பயிர்காவல் என்னும் பெயரினாலே எதுவுஞ் செய்யலாமென்பதும் இல்லை. ஆளின்றி வழியிலே கட்டிவைக்கப்படும் கட்டுத்துவக்கு, பன்றியையும் அறியாது, விறகு வெட்டச் சென்ற மனிதனையும் அறியாது. பன்றிக்கென்று இரையினுள்ளே மறைத்து வைக்கப்படும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வெடியைக் கடித்து, வாய் சிதைந்து, உண்ணமாட்டாது நாட்கணக்கிற் பட்டினியால் இறந்த யானைக்கன்றுகள் பல. தான் அவ்விடத்து நில்லாமலே தன் கொலையை நிகழவிடுதல் கொலைகளுட் கொடியது. கொன்றவனுக்கு வருந்துதற்கும் அங்கே வாய்ப்பில்லை. வேலி, காவல், கூட்டுமுயற்சி, அரசினரின் இழப்பீடு என்பனவற்றை நாடியபின்னும் வேறு வழியில்லையாயின் மாத்திரமே துவக்கென்பது உழவனுக்குரிய வரம்பாகும். அவ்வழிகளை அவனுக்கு எளிதாக்குதல் நகரத்தாராகிய நம் கடன்.

இப்பொழுது சிறுவனுடைய மூன்றாம் வினா எஞ்சி நிற்கின்றது. அதுவே மூன்றினுள்ளும் கூரியது. கடையிலே தோலுரித்துத் துண்டாக்கிப் பொதிந்து வைத்த கோழியை வாங்குபவர், குளக்கட்டிலே நிற்கும் வேட்டைக்காரனைக் கொடியவனென்று பழிப்பாராயின், அப்பழிப்பு நிலைபெறாது. வேட்டைக்காரன் தான் கொன்றதைத் தன் கண்ணாற் கண்டான்; இவர் காணவில்லை; வேற்றுமை அவ்வளவே. கூட்டிலடைபட்டுச் சிறகு விரிக்காமலே சில கிழமைகள் வாழ்ந்த கோழியினும், வானத்திலே பறந்து திரிந்த வாத்துக்கு வாழ்நாளாவது இனிதாயிருந்தது. கொல்பவன், விற்பவன், வாங்குபவன், சமைப்பவன், உண்பவன் என்னும் அனைவரும் அவ்வினையிலே பங்குடையரென்பதே நம் முன்னோர் கூறிய நீதி. திருவள்ளுவர் கொல்லாமைக்கு ஓரதிகாரமும் புலான்மறுத்தலுக்கு வேறோரதிகாரமும் வகுத்தமையும் இது பற்றியே. உண்பார் இல்லையேல் விற்பாரில்லை, விற்பாரில்லையேல் கொல்வாரில்லை. ஆதலால், புலாலுண்ணும் வாயினாலே வேட்டையைப் பழித்தல் ஆகாது. வேட்டையைப் பழிப்பவன் முதலிலே தன் இலையை நோக்குதல் வேண்டும். இதனை ஆசிரியர் வகுப்பிலே அஞ்சாது கூறுவாராக. கூறுமுன் தம் இலையையும் நோக்குவாராக.

சட்டம் இருக்கின்றதே, அது போதாதோ என்பார்க்கும் ஒன்று கூறுவோம். 1916-ஆம் ஆண்டின் துவக்குச் சட்டமும், 1937-ஆம் ஆண்டின் வனவிலங்கு தாவரப் பாதுகாப்புச் சட்டமும், அதன் பின்வந்த திருத்தங்களும் இந்நாட்டிலே உண்டு. 1938-ஆம் ஆண்டிலே குமணையும் சுண்டிக்குளமும் பறவைகளுக்குச் சரணாலயங்களாயின. இவை போற்றத்தக்கன. ஆயினும், சட்டம் கையைத் தடுக்குமன்றி மனத்தை மாற்றாது. காவலர் இல்லாத குளக்கட்டிலே விசையிலிருந்து விரலை எடுக்கச் செய்வது சிறுவயதிலே நெஞ்சிற் பதிந்த அருளொன்றே. அதனைப் பதிப்பிக்கும் தொழில் நீதிபதியினதன்று; ஆசிரியருடையது.

துவக்கின் ஒலி எத்தகையதென்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. 2009-ஆம் ஆண்டு வரை நீண்ட போரிலே அவ்வொலியைக் கேட்டு ஓடாத தமிழ்க்குடும்பம் அரிது. வெடி கேட்டவுடன் குளத்திலிருந்து ஒருங்கே எழுந்து, எத்திசை செல்வதென்று அறியாது சுழலும் பறவைக்கூட்டத்தின் நிலையை உணர்தற்கு நம்மினும் தகுதியுடையார் யாவர்? அவ்வச்சத்தை உடம்பால் அறிந்த மரபினர், அதனையே மற்றோருயிர்க்கு விளைத்து அதிலே களிப்பாராயின், பட்ட துன்பம் நமக்கு யாதொன்றையும் கற்பிக்கவில்லையென்பதாகும்.

திருவிளையாடற்புராணத்திலே இருபடலங்கள் இவ்விடத்துக்கு ஏற்றவை. பாண்டியனுடைய வேட்டையிலே ஆண்பன்றியும் பெண்பன்றியும் இறந்துபடப் பன்னிரண்டு குட்டிகள் தாயின்றிப் பசியால் வாடின. சோமசுந்தரக்கடவுள் தாய்ப்பன்றியின் வடிவங்கொண்டு அவற்றுக்குப் பாலூட்டியருளினார். அரசன் வேட்டையை முடித்துக்கொண்டு சென்றான். அவ்வேட்டை பின்னே விட்டுச்சென்ற பசியை ஆற்ற இறைவன் வரவேண்டியதாயிற்று. வேடனாக வந்த பெருமானைச் சான்று காட்டுவோர் பன்றியாக வந்த பெருமானையும் மறவாதிருப்பாராக. மற்றொன்று நாரைக்கு முத்தி கொடுத்த படலம். மீனுண்டு வாழும் நாரையொன்று பொற்றாமரையை அடைந்து, அங்கே மீன்தின்னுதலைப் பாவமென்று ஒழித்தது. தன் இனம் பின்னாளிலே அப்பாவத்திற் படாதிருக்கும்பொருட்டு அத்தீர்த்தத்திலே மீனில்லாதிருக்க வரம் வேண்டிற்று. பசித்த பறவையொன்று கொலையைத் துறந்து முத்தி பெற்றதென்று படிக்கும் நாம், பசியில்லாத பொழுது அப்பறவையைக் கொல்லுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனிச் செய்யத்தக்கது யாது? வகுப்பறையிலே சொல்லால் மாத்திரம் இதனைக் கற்பித்தல் போதாது. வெள்ளவத்தைக்கு அணித்தாகப் பெல்லன்வில–அத்திடிய சதுப்புநிலம் இருக்கின்றது. 1990-ஆம் ஆண்டிலே சரணாலயமாக்கப்பட்டது. கொட்டாஞ்சேனைக்கு வடக்கே களனியாற்றுக்கு அப்பால் முத்துராஜவெல இருக்கின்றது. பேரை வாவியிலே கூழைக்கடாக்கள் மிதப்பதைத் தெருவிலே நின்றே காணலாம். 2018-ஆம் ஆண்டிலே கொழும்பு ஈரநில நகரங்களுள் ஒன்றாக உலகினரால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இத்தனையும் அருகிருக்க, நம் பிள்ளைகள் நாரைக்கும் கொக்குக்கும் வேற்றுமை அறியாதிருக்கின்றனர். ஆண்டிலே ஒருநாள் விடியற்காலையிலே அவர்களை அழைத்துச் சென்று, ஒரு பறவையை அது பறந்து போகுமளவும் பேசாது பார்த்திருக்கச் செய்க. வேட்டைக்காரனுக்கு வேண்டிய பொறுமையும் கூர்ந்த நோக்கும் மௌனமும் அங்கே வேண்டப்படும். கொலை ஒன்றே வேண்டப்படாது. பெயரறிந்து பழகிய உயிரைக் கொல்ல மனம் எளிதிலே இசையாது.

ஈற்றிலே அச்சிறுவனுக்கு விடை கூறுவோம். “தம்பி, உன் மாமனைப் பாவியென்று சொல்ல நாம் வரவில்லை, அவர் பயிரைக் காக்கச் சுட்டாரோ, பசிக்குச் சுட்டாரோ, களிப்புக்குச் சுட்டாரோ என்பது அவர்தம் நெஞ்சுக்குத் தெரியும். களிப்புக்கென்றால் அது விடத்தக்கது. பசிக்கென்றால் அவருக்கு வேறுணவு கிடைக்கும் வழியை நாமெல்லாரும் தேடவேண்டும். கண்ணப்பர் வேட்டையால் நாயனாராகவில்லை. தம் கண்ணைக் கொடுத்ததனால் ஆயினார். கடையிலே இறைச்சி வாங்குபவரும் உன் மாமனும் ஒருவரையொருவர் பழிக்க உரிமையுடையரல்லர். நீ அடுத்தமுறை செல்லும்பொழுது அவரோடு குளக்கட்டுக்குப் போ. பறவைகளின் பெயரை அவரிடம் கேள். உன் மாமன் நம்மினும் நன்றாக அவற்றை அறிவார்.” இவ்விடையிலே கடுமையில்லை, ஆயினும், கொல்லாமையிலே ஓரணுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை. அச்சிறுவன் கேட்கும் பெயர்களைச் சொல்லச்சொல்ல, துவக்கைத் தூக்கிய மாமனுடைய கையும் ஒருகால் தாழக்கூடும். அதற்குத் திருவருள் முன்னிற்பதாக.